உப்புக் கிணறு... தித்திக்கும் சப்போட்டா!

சாம்பாரில் உப்பு கூடிப் போனால் நம் வீட்டுப் பெண்மணிகள் பதறுவதே இல்லை. ஒரு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, ரெண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் புளியைக் கரைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பரிமாறி விடுவார்கள். நாமும் ஒன்றுமே தெரியாத மாதிரி சாப்பிட்டு எழுந்து விடுவோம்.

கிணற்றில் உப்பு கூடிப் போனால்?

அங்கேதான் சிக்கல். கிணற்றில் உருளைக்கிழங்கு போட முடியாது. எத்தனை அண்டா நல்ல தண்ணீர் ஊற்றினாலும் பத்தாது. தோட்டத்தில் நிற்கிற மரமோ நம்மை மாதிரி நாகரிகம் பார்த்துக்கொண்டு முழுங்காது. இலை நுனியைக் கருக்கி, பிஞ்சை உதிர்த்து, 'இது என்ன சமையல்?' என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடும்.

தூத்துக்குடி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது என்றால், அதற்கு முக்கியமான காரணம் இந்த மாவட்டத்து உப்பளங்கள்தான். அடிக்கிற வெயிலும் வீசுகிற காற்றும் உப்பளக்காரருக்கு வரம். அதே வெயில், அதே காற்று, நாலு மைல் தள்ளிக் கிணறு வெட்டி சப்போட்டாவும் எலுமிச்சையும் வைத்திருக்கிறவருக்குச் சோதனை. ஒருத்தர் உப்பை வரவழைக்கப் பாத்தி கட்டுகிறார். இன்னொருத்தர் பாத்தி கட்டினால், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது!

உடன்குடிப் பக்கம் ஒரு அண்ணாச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? அவரை மாதிரி கடலோரத்தில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். மூணு ஏக்கர் தோட்டம். சப்போட்டா, கொய்யா, வரப்போரம் தென்னை, வீட்டம்மா ஆசைப்பட்டு வைத்த எலுமிச்சை. அப்பா காலத்தில் கமலை இறைத்த கிணறு. அப்போது அள்ளிக் குடிக்கலாம். இப்போது கோடையில் அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. எலுமிச்சை இலையெல்லாம் நுனி கருகி, ஓரம் சுருண்டு நிற்கிறது.

"என்ன அண்ணாச்சி, மரம் இப்படி வாடிக் கிடக்கு?"

"சத்துப் பத்தலை தம்பி. கடையில ரெண்டு மூட்டை உரம் சொல்லியிருக்கேன். அதுக்கும் தேறலைன்னா போர் போட்டு முன்னூறு அடி இறக்கிர வேண்டியதுதான். நகையை வெச்சாவது செஞ்சிரணும்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "எந் நகையத்தான சொல்லுதீக?"

இந்த இரண்டே வாக்கியத்தில் அண்ணாச்சி இரண்டு காரியம் செய்யப் போகிறார். உரம் கூட்டப் போகிறார், ஆழம் கூட்டப் போகிறார். இரண்டுமே உப்பைக் கூட்டுகிற காரியம் என்பதுதான் இதில் வேடிக்கை. வேடிக்கை நமக்கு. அவருக்கு நகை!

தண்ணியில நின்னும் தாகம்!

உப்பு மரத்தை என்னதான் செய்கிறது? மாங்காய் ஊறுகாய் போட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். நறுக்கின மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் காலையில் ஜாடியில் தண்ணீர் நிற்கும். மாங்காய்க்குள் இருந்த தண்ணீரை உப்பு வெளியே இழுத்து விடுகிறது.

மண்ணில் உப்பு ஏறினால் வேருக்கும் அதே கதிதான். ஈரம் இருக்கும், ஆனால் உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, 'விட மாட்டேன்' என்று மல்லுக்கு நிற்கும். மரம் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் தவிக்கும். இது முதல் அடி.

இரண்டாவது அடி, விஷம். உப்பில் இருக்கிற சோடியமும் குளோரைடும் தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறி இலையில் போய்ச் சேரும். தண்ணீர் ஆவியாகிவிடும், இவை இரண்டும் அங்கேயே தங்கிவிடும். குளோரைடு அதிகமானால் பெரும்பாலும் இலையின் நுனியிலிருந்து கருகும். சோடியம் என்றால் ஓரத்தில் கருகிக்கொண்டு வரும். முதிர்ந்த இலையில்தான் முதலில் தெரியும்.

இந்தக் கருகலைப் பார்த்துத்தான் அண்ணாச்சி 'சத்துப் பத்தலை' என்கிறார். அஜீரணத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து, 'பாவம், பசி போலிருக்கு' என்று இன்னும் நாலு இட்லி வைக்கிற மாதிரி!

ஒரு மரத்துக்கு ஏழு கிலோ

தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதை நாக்கில் வைத்துச் சொல்வது நம் வழக்கம். நாக்கை நம்பாதீர்கள். பழகிப் போன நாக்கு, 'கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான்' என்று சமாதானம் சொல்லிவிடும்.

இதற்கென்றே ஈ.ஸி. என்று ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்ப்பது. உப்பு கூடக் கூட மின்சாரம் நன்றாகப் பாயும். பேனா சைஸில் மீட்டரே கிடைக்கிறது. டம்ளரில் முக்கினால் எண் காட்டும். அந்த எண்ணுக்கு அலகு டெசிசைமன்ஸ். (மைக்ரோசைமன்ஸில் காட்டினால் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 3000 காட்டினால் 3.)

ஐ.நா. சபையின் உணவு, விவசாய அமைப்பு 1985-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இப்படி வகுத்திருக்கிறார்கள்: 0.7-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 0.7-லிருந்து 3 வரை, பார்த்து நடந்துகொள்ள வேண்டும். 3-க்கு மேலே போனால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஈ.ஸி. 1 என்றால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு. ஈ.ஸி. 3 என்றால் லிட்டருக்கு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. 'பூ... இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஒரு மரத்துக்குத் தினம் 40 லிட்டர் விடுகிறீர்கள். ஒரு நாளைக்கு 77 கிராம். நூறு நாள் கோடையில் ஏழரைக் கிலோவுக்கும் மேல்! மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு, உப்பில் பெரும்பங்கை மூட்டிலேயே துப்பி வைத்துவிடும். மளிகைக்கடையில் ஏழு கிலோ உப்பு வாங்கி வந்து மரத்து மூட்டில் கொட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவோம். மோட்டார் ஸ்விட்ச் மூலமாக அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆழம் போனால் ஆழி!

'அப்ப போரை ஆழமா இறக்கினா நல்ல தண்ணி வராதா?'

உள்நாட்டில் சில இடங்களில் வரலாம். கடற்கரை ஓரத்தில் பெரும்பாலும் கதை தலைகீழ். மணலுக்குள் மழைத் தண்ணீர் ஒரு தோணி மாதிரி கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் தண்ணீர் கனம் அதிகம், நல்ல தண்ணீர் கனம் குறைவு. இதை நூறு வருஷத்துக்கு முன்பே கைபன், ஹெர்ஸ்பர்க் என்று இரண்டு ஐரோப்பியர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடியை நீங்கள் இறைத்துத் தீர்த்தால், கீழே 40 அடிக்கு உப்புத் தண்ணீர் நிதானமாக ஏறி வரும். ஆழத்தில் குழாயை இறக்கி வேகமாக உறிஞ்சினால், கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி மேலே எழும்பி வந்து குழாய்க்குள்ளேயே புகுந்துவிடும். ஸ்ட்ராவை இளநீரின் அடியில் விட்டு உறிஞ்சுவது மாதிரிதான். என்ன, இந்த இளநீரின் அடியில் இருப்பது சமுத்திரம்!

அதனால் கடலோரத்தில் ஆழமில்லாத கிணறு, சின்ன மோட்டார், கொஞ்ச நேரம் இறைத்துவிட்டு ஊற விடுவது... இதுதான் புத்திசாலித்தனம். அண்ணாச்சி வீட்டம்மாவின் நகை இதோடு தப்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

உவரா, களரா?

வைத்தியத்துக்கு முன்னால் வியாதிக்குப் பெயர் தெரிய வேண்டும். நம் முன்னோர்கள் உவர், களர் என்று இரண்டு வார்த்தை வைத்திருந்தார்கள். இரண்டும் வேறு வேறு.

உவர் நிலத்தில் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூக்கும். மண் பொலபொலவென்று இருக்கும். இதற்கு மருந்து, தண்ணீர் விட்டுக் கழுவுவது. களர் நிலம் அப்படியில்லை. சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டு பிசைந்த மாவு மாதிரி ஆக்கிவிடும். ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் கல். தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே குளம் கட்டி நிற்கும். பி.ஹெச். 8.5-ஐத் தாண்டி நிற்கும். இங்கே சும்மா தண்ணீர் விட்டுக் கழுவினால் நிலைமை மோசமாகும். முதலில் ஜிப்சம் போட்டு சோடியத்தை விரட்டிவிட்டு அப்புறம்தான் கழுவ வேண்டும்.

வள்ளுவரே படிக்காதவர்களைக் களர் நிலத்துக்குத்தான் ஒப்பிட்டார். அவர் காலத்தில் ஜிப்சம் மூட்டை கிடைத்திருக்காது. இப்போது களரும் படித்துத் தேறுகிறது! திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில் களர் மண்ணைத் திருத்துவது பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி நடக்கிறது. ஹரியானாவின் கர்னாலில் இதற்கென்றே 1969-ல் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

தண்ணீரிலும் இதே பாகுபாடு உண்டு. சில கிணறுகளில் உப்பு அதிகம் கரிக்காது. ஆனால் சோடா உப்பு மாதிரி கார்பனேட், பைகார்பனேட் மிகுந்திருக்கும். பரிசோதனைச் சீட்டில் ஆர்.எஸ்.ஸி. என்று ஒரு எண் வரும். 1.25-க்குள் இருந்தால் நல்லது. 2.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அப்படிப்பட்ட தண்ணீரை, தொட்டியில் ஜிப்சம் கட்டிகளைப் பரப்பி அதன் வழியாக ஓட விட்டுப் பாய்ச்சலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரில் இந்த ஆர்.எஸ்.ஸி.யை ஒரு புள்ளி குறைக்க 86 கிராம் சுத்தமான ஜிப்சம் கரைந்தால் போதும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. மோட்டாரைக் கால்மணி நேரமாவது ஓட விட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். பூச்சிமருந்து பாட்டில் கூடாது. இன்னொரு வகை பாட்டிலும் கூடாது. அது எந்த பாட்டில் என்று உங்களுக்கே தெரியும்! மண்ணை மேலாக ஒரு கை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். பழ மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது. மூணு அடிக் குழி எடுத்து, ஒவ்வொரு அடியிலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். தண்ணீரைக் கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை பாருங்கள். ஒரே கிணறுதானா என்று நீங்களே சந்தேகப்படுவீர்கள்.

எந்த மரம் தாங்கும்?

உப்பைத் தாங்குவதில் மரத்துக்கு மரம் குணம் வேறு. கல்யாணப் பந்தியில் சிலர் எதைப் போட்டாலும் சாப்பிடுவார்கள். சிலர் அப்பளம் நமுத்திருந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

எதையும் தாங்குகிற ரகம்: பேரீச்சை, இலந்தை, சப்போட்டா, தென்னை.

ஓரளவுக்குத் தாங்குகிற ரகம்: கொய்யா, மாதுளை, அத்தி. நெல்லி களர் மண்ணுக்கே பேர் போனது.

கோபித்துக்கொள்கிற ரகம்: எலுமிச்சை, ஆரஞ்சு, மா, வாழை. மலையில் விளைகிற பட்டர் ஃப்ரூட்டும் ஸ்ட்ராபெரியும் பரம சாது, பார்த்தாலே வாடிவிடும்.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. வேர் இருக்கிற மண்ணின் ஈ.ஸி. 4 வரை போனாலும் பேரீச்சைக்கு மகசூல் குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் 3.6 சதவிகிதம்தான் இழப்பு. ஆரஞ்சுக்கு 1.7-லேயே தொல்லை ஆரம்பித்துவிடும். அப்புறம் புள்ளிக்கு 16 சதவிகிதம் போய்விடும்!

ஒட்டுக் கன்று வாங்கும்போது அடிச்செடி எது என்று கேளுங்கள். சப்போட்டாவை நம் ஊர்ப் பாலை மரத்தின் மேல்தான் ஒட்டுகிறார்கள். மண்ணின் உப்போடு முதலில் மோதுகிறது இந்தப் பாலையின் வேர்தான். திராட்சையில் 'டாக்ரிட்ஜ்' என்கிற அடிச்செடியை மகாராஷ்டிரக்காரர்கள் இதற்காகவே ஏராளமாகப் பயன்படுத்துகிறார்கள். மாவில் இஸ்ரேல்காரர்கள் '13-1' என்ற ஒரு அடிச்செடியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். மேலே பழம் யாருடையதாக இருந்தாலும், கீழே சண்டை போடுகிறது வேர்.

கழுவுகிற கணக்கு

உப்பு வேரடியில் சேராமல் இருக்க ஒரே வழி, மரம் குடிக்கிறதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டு, உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிடுவது. எவ்வளவு கூடுதல்?

அதற்கும் சூத்திரம் இருக்கிறது. மண்ணில் மரம் தாங்கக்கூடிய ஈ.ஸி.யை ஐந்தால் பெருக்குங்கள். அதிலிருந்து தண்ணீரின் ஈ.ஸி.யைக் கழியுங்கள். வந்த விடையால் தண்ணீரின் ஈ.ஸி.யை வகுங்கள். விடுகிற தண்ணீரில் அத்தனை பங்கு, வேரைத் தாண்டிக் கீழே போக வேண்டும்.

தண்ணீர் 3. பேரீச்சை தாங்குவது 4. ஐந்து நாலு இருபது, மூன்று போக பதினேழு. 3-ஐ 17-ஆல் வகுத்தால் சுமார் 18 சதவிகிதம். மரம் 40 லிட்டர் குடிக்கும் என்றால் 49 லிட்டர் விட வேண்டும். பரவாயில்லை.

அதே தண்ணீரில் ஆரஞ்சு? ஐந்து 1.7, எட்டரை. மூன்று போக ஐந்தரை. விடை 54 சதவிகிதம்! 40 லிட்டர் குடிக்கிற மரத்துக்கு 88 லிட்டர் விட வேண்டும். அவ்வளவு தண்ணீர் இருந்தால் நாம் ஏன் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறோம்? எலுமிச்சையும் அதே ஜாதிதான். அண்ணாச்சி வீட்டு எலுமிச்சையை எந்த உரத்தாலும் காப்பாற்ற முடியாது என்பது இந்த ஒரு வகுத்தலில் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் இலந்தையோ சப்போட்டாவோ வைப்பதுதான் மரியாதை. வீட்டம்மாவிடம் யார் சொல்வது என்பது வேறு பிரச்னை.

நமக்கு இன்னொரு தோட்டக்காரர் இருக்கிறார். சம்பளம் கேட்காதவர். ஐப்பசி, கார்த்திகை மழை! மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டி, விழுகிற மழையை வழிய விடாமல் அங்கேயே இறக்கினால், கோடையில் சேர்ந்த உப்பில் பெரும்பகுதியை இந்த மழையே கழுவிக்கொண்டு போய்விடும். 2004 டிசம்பரில் சுனாமி வந்து நாகப்பட்டினம் வயல்களில் கடலே ஏறி நின்றது. 'இனி தலைமுறைக்கும் விளையாது' என்றுதான் பலரும் பயந்தார்கள். ஜிப்சம் போட்டு, உழுது, மழையைத் தேக்கிக் கழுவியதில் பெரும்பாலான நிலங்கள் ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே திரும்பி வந்துவிட்டன. ஒரு நிபந்தனை: கழுவின தண்ணீர் கீழே இறங்கிப் போக வழி வேண்டும். களிமண்ணும் மேட்டு நீர்மட்டமுமாக இருந்தால் வடிகால் வெட்டாமல் கழுவுவது, சாக்கடை அடைத்த பாத்ரூமில் குளிக்கிற மாதிரி.

மழை வருது... மோட்டாரைப் போடு!

சொட்டு நீர்ப் பாசனம் உப்புத் தண்ணீருக்கென்றே பிறந்த மாதிரி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் வேரடி எப்போதும் ஈரமாக இருக்கும். உப்பு ஈரத்தின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் ரொம்ப விட்டு ஆறு நாள் காயப் போட்டால், காயக் காய உப்பின் காரம் ஏறும். தெளிப்பு நீர் மட்டும் வேண்டாம். இலையில் பட்ட உப்புத் தண்ணீர் இலை வழியாகவே உள்ளே போய்க் கருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கோடை நடுவில் லேசாக ஒரு மழை தூறுகிறது. 'அப்பாடா' என்று மோட்டாரை நிறுத்திவிடுவோம். நிறுத்தக் கூடாது! ஈரத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒதுங்கி நிற்கிற உப்பு முழுவதையும் அந்தச் சின்ன மழை கரைத்து, நேராக வேருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். மழை தூறும்போது சொட்டு நீரையும் ஓட விட்டால், உள்ளே இருந்து தள்ளுகிற தண்ணீர் உப்பை வெளியேயே நிறுத்தி வைக்கும். பெருமழை பிடித்துக்கொண்ட பிறகு தாராளமாக நிறுத்தலாம்.

குடையும் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடுகிற உங்களைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

மரத்து மூட்டில் பனை ஓலை, தென்னை மட்டை, சருகு என்று மூடாக்குப் போடுங்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். தேங்காய் நார்க்கழிவு போடுவதாக இருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்; அதிலேயே உப்பு இருக்கும். பண்ணைக் குட்டை வெட்டி மழைத் தண்ணீர் சேர்த்திருந்தால், அதைக் கன்றுகளுக்கும் பூப் பிடிக்கிற சமயத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். மற்ற நாளில் கிணற்றுத் தண்ணீரோடு கலந்தும் விடலாம். 3.5-ம் 0.5-ம் சரிபாதி கலந்தால் 2. எல்லாம் ஒண்ணாம் கிளாஸ் கணக்கு!

உரமும் உப்புதானுங்கோ!

கிராமத்துப் பெரியவர்கள் யூரியாவை 'உப்பு' என்றுதான் சொல்வார்கள். விவரம் தெரியாமல் சொல்லவில்லை. எந்த ரசாயன உரமும் கரைந்தால் மண்ணில் உப்பைத்தான் கூட்டும். எது எவ்வளவு கூட்டும் என்று 1943-லேயே அமெரிக்காவில் ஒரு பட்டியல் போட்டார்கள். சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்தால், நாம் சாதாரணமாகப் போடுகிற பொட்டாஷ், அதாவது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், 116! யூரியா 75. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 46. டி.ஏ.பி. 34. சூப்பர் பாஸ்பேட் வெறும் 8.

மியூரியேட்டில் இன்னொரு வில்லங்கம். மரத்துக்கு ஒரு கிலோ சாம்பல் சத்து கொடுக்கப் போனால், முக்கால் கிலோ குளோரைடும் ஒட்டிக்கொண்டு வரும். எலுமிச்சை, மா, திராட்சைக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷோ, பொட்டாசியம் நைட்ரேட்டோ நல்லது. விலை கூடத்தான். ஆனால் தென்னைக்கு மியூரியேட்டே போதும். தென்னைக்குக் குளோரைடு பிடிக்கும். குழியில் உப்புப் போட்டுத் தென்னை வைத்த தாத்தா ஒன்றும் அசடில்லை.

சரியான உரம் உப்பைத் தடுக்கவும் செய்யும். எப்படி? தீபாவளி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஸீட் பிடிப்பார்களே! வேரின் வாசலில் சோடியமும் பொட்டாசியமும் ஒரே ஸீட்டுக்கு அடித்துக்கொள்ளும். குளோரைடும் நைட்ரேட்டும் அதே மாதிரி. பொட்டாசியம், கால்சியம், நைட்ரேட் எல்லாம் தேவையான அளவு இருந்தால், சோடியத்துக்கும் குளோரைடுக்கும் ஸ்டாண்டிங்தான்!

அதற்காக பஸ்ஸில் ஐம்பது துண்டு போட்டால்? பஸ்ஸே நகராது. உப்பில் சிறுத்த மரம் குறைவாகத்தான் வளரும், குறைவாகத்தான் சாப்பிடும். முழு அளவு உரம் போட்டால் மிச்சம் மண்ணில் இறங்கி, நாம் குடிக்கிற கிணற்றுக்கே நைட்ரேட்டாகப் போய்ச் சேரும். காப்புக்குத் தகுந்த உரம். அதுவும் ஒரே நாளில் கொட்டாமல், பத்துப் பதினைந்து தடவையாகப் பிரித்து.

சொட்டு நீரில் கலந்து விடுகிறவர்கள் மீட்டரைக் கையில் வைத்திருங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்தால் ஈ.ஸி. சுமார் 1.3 ஏறும். கிணறு 2.5 என்றால் மரத்துக்குப் போவது 3.8. யூரியா இதில் கள்ளன். கரைத்ததும் மீட்டரில் தெரியாது, மண்ணுக்குள் போய் மாறிய பிறகுதான் வேலையைக் காட்டும். கால்சியம் நைட்ரேட்டை சல்பேட் உரத்தோடும் பாஸ்பேட் உரத்தோடும் ஒரே டிரம்மில் கலக்காதீர்கள். மாவு மாதிரி திரிந்து சொட்டுவானை அடைத்துவிடும். அடைத்துக்கொண்டால் ஆசிட் விட்டுச் சுத்தம் செய்கிற வழக்கம் உண்டு. தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு செய்யுங்கள். எப்போதும் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்தோ துத்தநாகமோ குறை. களர் மண்ணில் அதை மூட்டில் போட்டால் மண்ணே முழுங்கிவிடும். அரை சதவிகிதக் கரைசலாக, நல்ல தண்ணீரில் கரைத்து, சாயங்காலமாக இலையில் தெளிப்பதே லாபம்.

எதுவரைக்கும்?

இவ்வளவும் செய்தால் எந்தக் கிணறும் தேறிவிடுமா? தேறாது. வருஷா வருஷம் ஈ.ஸி. ஏறிக்கொண்டே போனால், அது ஒரு தோட்டத்துச் சமாசாரம் இல்லை. ஊரே சேர்ந்து அதிகமாக இறைக்கிறது என்று அர்த்தம். நீங்கள் மட்டும் அளவாக இறைத்து, அடுத்த தோட்டத்தில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் இருவருக்கும் சேர்த்துத்தான் கடல் வரும். குளத்தைத் தூர் வாருவதும், ஆற்றின் உபரித் தண்ணீரைக் கடலுக்கு விடாமல் ஊர்க் குளங்களுக்குத் திருப்புவதும் பழத்தோட்டத்துக்கான வைத்தியம்தான். உபரித் தண்ணீர் வந்து குளம் நிறைந்த வருஷத்தில் சுற்றியிருக்கிற கிணறுகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்லும்.

உப்புத் தண்ணீரில் காய் கொஞ்சம் சிறுத்து, இனிப்பு கூடுவதும் உண்டு. தக்காளியிலும் முலாம்பழத்திலும் இது நன்றாகவே தெரியும். ஆனால் மண்டியில் எடைக்குத்தான் காசு, நாக்குக்கு இல்லை. அதனால் 'ருசி கூடுதே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறதா? மூணே மூணு வேலை. தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். சீட்டில் சோடியம் அதிகம் என்று வந்தால் ஜிப்சம் வாங்கிப் போடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வட்டப் பாத்தியைச் சரி பண்ணி வையுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆகிற செலவு, ஒரு போர் போடுகிற செலவில் சிறு பங்குகூட வராது.

மிச்சப் பணத்தில் வீட்டம்மாவுக்கு எலுமிச்சங்காய் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம். ஊறுகாய்க்கு உப்பு மட்டும் நம் செலவு!